சுடரோடு எங்கள் வாசலுக்கும் வாருங்கள்

ரொறன்ரோ, யோர்க், பீல், டுறம் பொலிஸ் சேவைகளில் கடமையாற்றும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

பிள்ளைகள் என்று எழுதியதைக் குறையாக எடுக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்களில் பலர் என் மகனின் வயதுக்காரர். சிலரை சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் புத்தகப் பையோடு கண்டிருக்கிறேன்.

கோடை தொடங்கும்போது நீங்கள் ரீசேர்ட்டும் அரைக் காற்சட்டையுமாகச் சுடரைப் பிடித்துக்கொண்டு வீதியில் ஓடுவதைக் காண்கிறேன். முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் விளக்கு மின்னும் பொலிஸ் கார், நடுவில் வியர்த்து விறுவிறுத்தபடி நீங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வீரர்களுக்காகக் காசு சேர்க்கிற ஓட்டம் அது. அந்தக் காசு எங்கே போய்ச் சேருகிறது என்று அருகில் நின்று பார்க்கிறவன் நான். ஸ்காபரோவில் ஒரு பாடசாலையின் உடற்பயிற்சிக் கூடத்தில், கிழமை நாள் மாலைகளில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பயிற்சிக்கு உதவப் போகிறேன். பந்து பொறுக்குவேன், நேரம் குறிப்பேன், சப்பாத்துக் கயிறு கட்டிவிடுவேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு முதலில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். சொல்ல வந்த வேறொன்றும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பிடித்து ஓடுகிற சுடர் ஒரு பொலிஸ்காரரின் யோசனையில் பிறந்தது. 1981இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரத்துப் பொலிஸ் தலைவராக இருந்த ரிச்சர்ட் லமுனியன் தன் ஆட்களை வீதியில் ஓடவிட்டார். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குக் காசும் தேவைப்பட்டது, நாலுபேர் அறியவும் தேவைப்பட்டது. நிலையத்துக்குள் உண்டியல் வைத்திருந்தால் காசு மட்டும் சேர்ந்திருக்கும். வீதியில் இறங்கி ஓடியபடியால் வீதி முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடத்தில், 1983இல், பொலிஸ் தலைவர்களின் சர்வதேசச் சங்கம் இதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரு இலட்சம் காவல் உத்தியோகத்தர்கள் இந்தச் சுடரோடு ஓடுகிறார்கள். உலகப் போட்டிகளுக்கு முன்னர் ஏதென்ஸில் ஏற்றப்படும் சுடரையும் பல நாட்டுப் பொலிஸாரும் வீரர்களும் சேர்ந்துதான் ஏந்தி வருகிறார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கு ஊர்மட்டத்தில் கிடைக்கிற நிதியில் மிகப் பெரிய பங்கு இந்த ஓட்டத்தாலும், பனிக்காலத்தில் குளிர்ந்த நீரில் குதிப்பது போன்ற அதன் துணை நிகழ்ச்சிகளாலும்தான் சேருகிறது.

ஓட்டம் விச்சிட்டாவில் தொடங்கியிருக்கலாம். விளையாட்டின் வேர் நாங்கள் வாழ்கிற இந்த நகரத்திலும் ஓடிக் கிடக்கிறது. இதை நீங்கள் பெருமையோடு அறிந்திருக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஃபிராங்க் ஹேடன், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் உடல் வலுவை அளந்து பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் வலுவில் பாதிதான் அவர்களுக்கு இருந்தது. குறைபாடு என்றால் அப்படித்தான் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஹேடன் அப்படி விடவில்லை. பயிற்சி கொடுத்துப் பார்த்தார். வலு கூடியது. அந்தப் பிள்ளைகள் பலவீனமாக இருந்ததற்குக் காரணம், யாரும் அவர்களை ஓடவிடவில்லை, விளையாட விடவில்லை என்பதுதான். அவருடைய ஆய்வு, பின்னர் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸைத் தொடங்கிய யூனிஸ் கென்னடி ஷ்ரைவரின் கண்ணில் பட்டது. 1968 யூலை மாதம் சிக்காகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேரோடு முதற் போட்டிகள் நடந்தன. அங்கே ரொறன்ரோவின் பெவர்லி பாடசாலையிலிருந்து போன ஒரு ஹொக்கி அணியும் இருந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவர் ஹரி ஃபொஸ்ரர் என்ற ஒலிபரப்பாளர். அடுத்த வருடமே ரொறன்ரோவில் கனடாவின் முதற் போட்டிகளை நடத்திக் காட்டினார்.

யூனிஸின் மூத்த சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. ஃபொஸ்ரரின் தம்பிக்கும் இருந்தது. இரண்டு பேருமே தங்கள் வீட்டில் ஒருவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்து வெளியே வந்தவர்கள். நான் கடிதம் எழுதுகிற விஷயமும் வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

பயிற்சிக் கூடத்துக்கு நாற்பது ஐம்பது பேர் வருகிறார்கள். சீனர், பிலிப்பினோ, கரிபியன், இத்தாலியர் என்று ஸ்காபரோவில் யாரெல்லாம் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாரும் வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் சனத்தொகைக்கு இது மிகக் குறைவு. எங்கள் வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறப்பதில்லையா? பிறக்கிறார்கள். விருந்தாளி வரும்போது பின்னறைக்குப் போய்விடுகிறார்கள். அக்காவின் கல்யாண அல்பத்தில் இல்லாமல் போகிறார்கள். “பேச்சுக்கால் நடக்கேக்க தெரிஞ்சால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிப் போடுவினம்” என்று ஒரு தாய் என்னிடம் கண்கலங்கச் சொன்னார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவரைப் பயமுறுத்தி வைத்திருப்பது நாங்கள் எல்லாரும்தான்.

ஒன்ராறியோவில் இந்தப் பிள்ளைகளுக்கு 21 வயது வரைக்கும் பாடசாலை உண்டு. அதுவரைக்கும் காலையில் பஸ் வந்து ஏற்றிப் போகும், மாலையில் கொண்டுவந்து விடும். 21 முடிந்தவுடன் பஸ் வராது. பெரியவர்களுக்கான உதவித் திட்டங்களுக்கு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். காலையில் உடுத்து வெளிக்கிட்டு, வராத பஸ்ஸுக்காக யன்னலோரம் நிற்கிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் ஒரு விளையாட்டுக் கழகம் மட்டுமே வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கூட்டாளி, போட்டி, வெற்றி, தோல்வி, அடுத்த கிழமைக்கான எதிர்பார்ப்பு எல்லாம் அங்கேதான் கிடைக்கின்றன. நீங்கள் ஓடிச் சேர்க்கிற காசு மண்டபத்துக்கும் பந்துக்கும் பயணத்துக்கும் போகிறது. நான் பார்த்த அளவில் அதைவிட நன்றாகச் செலவாகிற காசு குறைவு.

போட்டி என்று சொன்னதற்கு ஒரு சின்ன விளக்கம். ஏதோ எல்லாருக்கும் பதக்கம் கொடுத்து அனுப்புகிற கொண்டாட்டம் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. முதலில் ஒவ்வொருவருக்கும் நேரம் எடுப்போம், தூரம் அளப்போம். வயதும் திறமையும் நெருங்கியவர்களை ஒரே பிரிவில் போட்டு ஓடவிடுவார்கள், ஒரு பிரிவில் எட்டுப் பேருக்கு மேல் இல்லை. அதனால் கடைசி அடி வரைக்கும் யார் வெல்வார் என்று தெரியாது. இருநூறு மீற்றர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்துவிட்டு, முதலாவதாக வந்தவனைத் திட்டித் தீர்த்த ஒரு பெண்பிள்ளை எங்களிடம் இருக்கிறாள். அடுத்த கிழமை முழுக்க அவனை முந்துவதற்கென்றே ஓடினாள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சனம் இலங்கையில் நடந்த 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக இங்கே வந்து சேர்ந்தது. என் தலைமுறைக்குச் சீருடை என்றால் என்ன என்று உங்களுக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லாமலே விட்டிருப்பார்கள். சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கிற, முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் நடந்து போனவர்கள் நாங்கள். சோதனைச் சாவடியில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதவன், கண்ணைப் பார்த்துக் கதைக்காதவன், அதட்டியவுடன் ஓடத் தொடங்குகிறவன் ஆகிய மூன்று பேருக்கும் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டவர்கள்.

இந்த மூன்றையும் செய்கிற பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருந்தால் என்ன செய்வீர்கள்? அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்குக் கேள்வி விளங்கவே நேரம் எடுக்கும். ஓட்டிசமும் சேர்ந்திருந்தால் கண்ணைப் பார்க்கமாட்டார்கள். சத்தம் கூடினால் ஓடுவார்கள். அங்கே சாவடியைக் கடக்கும்போது அப்படிப்பட்ட பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்திருந்த தாய், இங்கே வந்து முப்பது வருடமாகியும் அந்தக் கையை விடவில்லை. வெட்கம் ஒரு காரணம் என்றால் இந்தப் பயம் இன்னொரு காரணம். வெட்கத்தைப் பற்றி எங்கள் மேடைகளில் அவ்வப்போது பேசுகிறார்கள். பயத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அந்தப் பயத்துக்கு இந்தக் கண்டத்திலும் காரணம் இல்லாமல் இல்லை. 2013 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலத்தில், ஃபிரெட்ரிக் என்ற ஊரில், டவுன் சின்ட்ரோம் உள்ள 26 வயது இளைஞன் ஒருவன் படம் பார்த்து முடித்த பிறகும் தியேட்டர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அதே படத்தை இன்னொரு தடவை பார்க்க ஆசைப்பட்டான். ரிக்கெற் இல்லை. கடமை நேரத்துக்கு வெளியே அங்கே பாதுகாப்பு வேலை செய்த மூன்று ஷெரிஃப் உத்தியோகத்தர்கள் அவனை வெளியேற்றப் போனார்கள். அவனைத் தொட்டால் குழம்பிவிடுவான், கொஞ்சம் பொறுங்கள் என்று அவனுடைய பராமரிப்பாளர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. தரையில் வீழ்த்திக் கைவிலங்கு போட்டார்கள். அந்தப் பிள்ளை இறந்துபோனான். மூச்சுத் திணறி நேர்ந்த மரணம் என்று மருத்துவப் பரிசோதகர் சொன்னார். உத்தியோகத்தர்கள் மீது வழக்குத் தொடர கிராண்ட் ஜூரி மறுத்தது. பிறகு மாநில ஆளுநர் ஒரு குழுவை அமைத்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் யூனிஸின் மகனும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் தலைவருமான திமோதி ஷ்ரைவர். அதன் தொடர்ச்சியாக, குறைபாடு உள்ளவர்களே பொலிஸாருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடு அந்த மாநிலத்தில் சட்டமாக வந்தது.

ஒரு படச் சீட்டின் விலைக்காக ஒரு உயிர் போனது. அந்த மூன்று பேரில் ஒருவராவது டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவரோடு ஒரு மாலைப் பொழுது பந்து எறிந்து விளையாடியிருந்தால் அவசரப்பட்டிருப்பாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அப்படி யோசிக்க வைத்தது இங்கே நடந்த ஒரு சம்பவம். எங்கள் கூடத்துக்கு வருகிற ஒரு தமிழ் இளைஞன் தனியாக ரீரீசி பஸ்ஸில் வீட்டுக்குப் போகப் பழகியிருந்தான். பழக்குவதற்கு அவனுடைய அம்மாவுக்கு நெடுங்காலம் எடுத்தது. ஒரு பனிநாள் பஸ் வழிமாற்றி விடப்பட்டது. எல்லாரையும் இறங்கி வேறு பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். அவனுடைய தரிப்பிடம் இன்னும் வரவில்லை. தரிப்பிடம் வராமல் இறங்கக்கூடாது என்றுதான் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவன் இறங்க மறுத்தான். சாரதி கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். அவன் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பொலிஸ் வந்தது.

வந்த உத்தியோகத்தர் தமிழர் அல்ல. ஆனால் சுடர் ஓட்டத்தில் ஓடுகிறவர், எங்கள் கூடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வந்து போனவர். மற்றப் பயணிகளை இறக்கி அனுப்பினார். தோளில் இருந்த வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். அவனுக்குக் கிட்டப் போகாமல் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, தன்னுடைய போனில் ஓட்டத்தன்று எடுத்த படத்தைக் காட்டினார். அவன் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “உன்னுடைய இருநூறு மீற்றர் நேரம் என்ன?” என்று கேட்டார். அதற்கு அவன் பதில் சொன்னான், செக்கன் பிசகாமல். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. அவனே கம்பியை விட்டு இறங்கினான்.

பொலிஸில் இருந்து கதைக்கிறோம் என்று போன் வந்தபோது அம்மா என்ன சொன்னார் தெரியுமா? “என்ர பிள்ளைக்கு ஒண்டும் செய்துபோடாதேங்கோ.” மறுமுனையில் இருந்தவருக்குத் தமிழ் விளங்கவில்லை. விளங்குகிற ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் உங்களுக்கு எழுத வந்ததன் காரணம்.

உங்கள் ஓட்டத்தை விளம்பரம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பொலிஸ் தன் பெயரைக் கழுவிக்கொள்ள ஓடுகிறது என்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. ஓடுகிறவர் ஓடி முடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்தப் பேச்சில் உண்மை இருக்கும். அந்த பஸ்ஸில் ஏறியவர் போல, ஓடியதால் அறிந்துகொண்டதைக் கடமைக்குள் எடுத்துப் போகிறவர் இருக்கும்வரை அந்தப் பேச்சு எடுபடாது. ஆகவே ஓட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பயிற்சிக்கு வாருங்கள். எங்கள் வீரர்களின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். முப்பது வயது ஆளின் தலையைத் தடவாதீர்கள், கைகுலுக்குங்கள். காசோலை கொடுக்கிற மேடையில் அவர்களை ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள், ஒலிவாங்கியைக் கொடுத்துப் பேசவிடுங்கள். நேரம் எடுக்கும், காத்திருங்கள். புதிதாகச் சேருகிற பொலிஸாருக்கு நீங்கள் வகுப்பு எடுக்கும்போது ஒரு வீரரையும் கூட்டிக்கொண்டு போய், என்னிடம் எப்படிக் கதைக்க வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுக்கச் செய்யுங்கள். மேரிலன்டில் ஒரு சாவுக்குப் பிறகு செய்ததை இங்கே அதற்கு முன்னமே செய்யலாம்.

இன்னொரு வேலை உங்களால் மட்டுமே முடியும். பொலிஸ் சேவைகளிடம் இப்படியானவர்களுக்கென்று சுயவிருப்பில் பெயர் பதிகிற பதிவேடு இருக்கிறது. பிள்ளையின் படம், என்ன சத்தத்துக்குப் பயப்படுவான், எதைச் சொன்னால் அமைதியாவான், காணாமற் போனால் எங்கே போகக்கூடும் என்றெல்லாம் அதில் குறித்து வைக்கலாம். அழைப்பு வந்தால் போகிற உத்தியோகத்தருக்கு முன்கூட்டியே தெரியும். நல்ல ஏற்பாடு. எங்கள் பெற்றோரில் நான் கேட்ட அளவில் பதிந்தவர்கள் மிகச் சிலர். 83இல் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களை மறக்காத சனம் அது. அரசாங்கத்திடம் பெயர் கொடு என்றால் உடனே கொடுக்காது. அந்த விபரத்தை யார் பார்ப்பார்கள், எப்போது பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி நீக்குவது என்று தமிழில், தமிழ் முகத்தோடு, பொறுமையாகச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தால் அது ஆகாது. என்னாலும் ஆகாது, நான் சீருடை போடாதவன். அந்தச் சீருடையைப் போட்டவர்தான் அந்தச் சீருடை மீதான பயத்தைத் தீர்க்க முடியும்.

கோடைக்காலத்தில் எங்கள் கோயில்களில் தேர் ஓடும். மார்க்கம் வீதியில் தெருவிழா நடக்கும். வாகனம் திருப்பிவிடவும் வீதியை மறிக்கவும் உங்களில் பலர் கடமைக்கு வருவீர்கள். பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தபடி கூட்டத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற தாயையும் அங்கே காண்பீர்கள். கொஞ்சம் பார்த்தால் தெரியும். அவரிடம் போய், “அம்மா, தம்பிக்கு விளையாட விருப்பமோ?” என்று தமிழில் கேளுங்கள். முதல் தடவை அவர் விலகிப் போகக்கூடும். அடுத்த திருவிழாவிலும் கேளுங்கள். எட்டு வயதிலிருந்து போட்டியில் சேரலாம், அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கும் விளையாட்டுப் பயிற்சி உண்டு, ஐம்பது வயதானாலும் சேரலாம் என்பதைச் சொல்லுங்கள்.

இந்த வருட ஓட்டம் முடிந்ததும் சுடரை நிலையத்தில் வைத்துப் பூட்டாமல், ஒரு வீரரோடு ஒரு கோயில் வீதிக்கோ தமிழ்ப் பாடசாலைக்கோ கொண்டு வாருங்கள். அவர் பிடித்து ஓடட்டும், நீங்கள் பக்கத்தில் ஓடுங்கள். இடம் கேட்டு வாங்குவது, மேசை போடுவது, வருகிற பெற்றோரின் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்வது எல்லாம் எங்கள் பொறுப்பு. நாளைக் குறித்து எங்களுக்கு அறிவியுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு பயிற்சி உதவியாளர்